மோவுத்துக்காரனும் நவாபும்
(தமிழ் நாடக மேடையில் முஸ்லிம் பாத்திரங்கள் குறித்து ஒரு நோக்கு)

ஒரு சமுதாயம் தன் அண்டை வீட்டாரை எவ்வாறு கருதியது என்பதை அறிய, அரசாங்க ஆவணங்களைப் புரட்டுவது ஒரு வழி. அச்சமுதாயம் விடிய விடியக் கண்விழித்துப் பார்த்த கூத்தினை நோக்குவது மற்றொரு வழி. இவ்விரண்டனுள் பின்னதையே நாம் இங்கு மேற்கொள்கின்றோம்.

இக்கட்டுரைக்குக் காரணமானவர் ஒரு மாணவர். நாட்டுப்புற இலக்கிய வகுப்பில் தேசிங்குராஜன் கதையை நடத்திக் கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து எழுந்து அவர் கேட்டார்: "ஐயா, தேசிங்கைக் கொன்ற நவாபும் முஸ்லிம், தேசிங்குக்காக உயிர்விட்ட மோவுத்துக்காரனும் முஸ்லிம். கூத்துப் பார்க்கிற முஸ்லிம் யாருக்காக அழவேண்டும்?" வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை. மணி அடித்து நம்மைக் காப்பாற்றியது. அவ்வினாவை உடன் சுமந்துகொண்டு நாம் படித்தவற்றுள் சிலவற்றை மாணவர்க்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், ஊர்ப் பெரியோர்க்கும் இம்மலர் வாயிலாக முன்வைக்கின்றோம்.

நாடகம் மார்க்கத்தில் ஆகுமா, ஆகாதா என்னும் வழக்கு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதனை உலமாப் பெருமக்களிடம் விட்டுவிடுவோம். நாம் நடித்தாலும் நடிக்காவிட்டாலும் நம்மைப் போல் வேடமிட்டுப் பிறர் நடித்திருக்கின்றனர். அதனைப் பல்லாயிரவர் கண்டிருக்கின்றனர். நம் ஆய்வுக்கு அது போதும்.

கொண்டித்தோப்பிலிருந்து புறப்பட்ட கதை

கொருக்குப்பேட்டை இருப்புப்பாதைக் கடவையைக் கடந்து தெற்கு நோக்கிச் சென்றால் வண்ணாரப்பேட்டை. அதனையும் தாண்டினால் கொண்டித்தோப்பு. தமிழகத்துச் சிற்றூர்த் திண்ணைகளில் படிக்கப்பட்ட 'பெரிய எழுத்து'க் கதைப் பாடல்களுள் பெரும்பகுதி இக்கொண்டித்தோப்பில்தான் அச்சாயிற்று. பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் என்னும் பதிப்பகத்தார் அல்லி அரசாணி மாலை முதல் தேசிங்குராஜன் கதை வரை அச்சிட்டு, சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் விற்கச் செய்தனர். செஞ்சியில் பிறந்த கதை நம் வடசென்னையில் நூலாகி, மீண்டும் செஞ்சிக்கே சென்று கூத்தாகியிருக்கின்றது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலை தேடி வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆடி மாதத்தில் தங்கள் ஊர்க் கூத்தையும் உடன் கொண்டுவந்தனர். ஆதலின் தேசிங்கு நமக்கு அயலூரான் அல்லன்.

வரலாறு கூறுவது சுருக்கமானது. செஞ்சிக் கோட்டையை முகலாயப் பேரரசின் சார்பில் ஆண்ட புந்தேல ராசபுத்திரர் சொரூப்சிங் இறந்தபின், அவருடைய மகன் தேஜ்சிங் பேரரசின் முறையான ஒப்புதலுக்குக் காத்திராமல் ஆட்சியை மேற்கொண்டார். தேஜ்சிங் என்னும் பெயரே தமிழ் நாவில் தேசிங்கு ஆயிற்று. ஆர்க்காட்டு நவாபு சஆதத்துல்லா கான் கப்ப நிலுவையைக் கேட்டார், இளைஞர் மறுத்தார், 1714 அக்டோபரில் போர் மூண்டது. தேசிங்கு வீழ்ந்தார். அவர் ஆண்டது ஓராண்டு கூட நிறையவில்லை. தஞ்சையிலும் மதுரையிலும் நெடுங்காலம் ஆண்ட மன்னர் பலரை மக்கள் மறந்துவிட்டனர். சில திங்கள் ஆண்ட இவ்விளைஞரை மறக்கவில்லை.

கதைப்பாடலோ இவ்வரலாற்றின்மேல் வேறொன்றைக் கட்டி எழுப்புகின்றது. தேசிங்குக்கு உயிர்த்தோழன் ஒருவன், முஸ்லிம், மோவுத்துக்காரன் என்று கதை அவனை அழைக்கும். தேசிங்கின் குதிரை பாராசாரி. தோழனின் குதிரை நீலவேணி. வழுதாவூரில் அவனுக்குத் திருமணம் நடந்துகொண்டிருக்கின்றது. அவ்வேளையில் தேசிங்கின் ஓலை வருகின்றது. மணக்கோலத்தை உதறிவிட்டுக் குதிரை ஏறுகின்றான். தேசிங்கு வணங்கும் சிங்கவரத்து அரங்கநாதர், 'இன்று போருக்குச் செல்லாதே' என்பதுபோல் தலையைத் திருப்பிக் கொண்டார் என்பது செஞ்சி வட்டாரத்தார் இன்றும் கூறும் செய்தி. ஆண்டவன் முகம் திருப்பிக்கொண்ட போர்க்களத்திற்கு அழைத்தவுடன் வந்து சேர்ந்தவன் மோவுத்துக்காரன். தேசிங்குக்கு முன்பாகவே அவன் மடிகின்றான். செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டியில் அவனுக்கும் குதிரைக்கும் உரியவையாகச் சொல்லப்படும் அடக்கத் தலங்கள் உள்ளன.

பெயரைக் குறித்து ஒரு சிறு செய்தி. வரலாற்று ஆசிரியர் இத்தோழரை மஹாபத்கான் என்பர். அரபு மூலத்தில் 'மஹாபத்' என்பது அச்சம் கலந்த மதிப்பு. 'முஹப்பத்' என்பது அன்பு. எழுத்தும் வேரும் வேறு வேறு. எனினும் உருது கலந்து பேசும் செவிகளில் இரண்டும் ஒன்றையொன்று உரசிச் செல்வன. கதையைப் பாடியவர் இதனை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் படைத்த பாத்திரத்துக்கு இரண்டாம் பொருளே பொருந்துகின்றது.

இரு பக்கமும் இரு மதத்தார்

இக்கதையில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது யாதெனின், தேசிங்கின் பக்கம் ஒரு முஸ்லிம் நிற்பது மட்டுமன்று. நவாபின் பக்கம் ஓர் இந்து நிற்பதுமாகும். நவாபின் சார்பில் செஞ்சியை நோக்கி வருபவனாகக் கதை காட்டுவது தோடர்மல்லனை. இவனும் கற்பனைப் பாத்திரமல்லன். போர்க் குழப்பங்களுக்கு அஞ்சி உடையார்பாளையத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்த காஞ்சி வரதராசப் பெருமாள் திருமேனியை 1710-இல் மீட்டுக் காஞ்சிக்குக் கொண்டுவந்த நவாபின் அதிகாரி இராசா தோடர்மல்லனே இவன். அவனுடைய உருவச் சிலை வரதராசர் கோயிலில் இன்றும் உண்டு. பெருமாளை மீட்டவன் நவாபின் ஊழியன். பெருமாளின் அடியவனாகிய தேசிங்குக்கு அவனே கதையில் பகைவன். தேசிங்குக்கோ ஒரு முஸ்லிம் உயிர்த்துணை. இதனை மதப்போராகப் பாட விரும்பிய ஒருவருக்கு இக்கதை எள்ளளவும் இடந்தராது. சண்டைக்குக் காரணம் கப்பம். பாட்டுக்குக் காரணம் நட்பு.

நவாபையும் கதை முழுக்கக் கருமையாகத் தீட்டவில்லை. தேசிங்கின் இளமனைவி உடன்கட்டை ஏறியது கண்டு நெகிழ்ந்த நவாபு அவ்வம்மையாரின் நினைவாக ராணிப்பேட்டை என்னும் ஊரை ஏற்படுத்தினார் என்பது வழிவழி வரும் செய்தி. வென்றவன் தோற்றவனின் மனைவி பெயரால் ஊர் அமைத்தான் என்று மக்கள் சொல்லிக் கொள்கின்றனர் எனில், அவ்வென்றவனிடத்தும் ஒரு நெஞ்சம் உண்டு என்று அவர்கள் கருதினர் என்பதே பொருள்.

இதே செஞ்சி வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோயில்களில் முத்தால ராவுத்தர் என்னும் முஸ்லிம் காவலருக்கு இடம் உண்டு. ஆல்ஃப் ஹில்டெபெய்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1988-இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். நம் கொள்கைக்கு இவ்வழிபாடு உடன்பாடு இல்லை. ஆனால் பாரதக் கூத்து நடத்தும் மக்கள் தம் தெய்வத்தின் வாயிலில் காவலுக்கு ஒரு ராவுத்தரை நிறுத்தினர் என்பதை ஆய்வாளன் கண்மூடிக் கடந்து செல்லல் ஆகாது. காவலுக்கு நிறுத்தப்படுபவன் நம்பத்தக்கவன். வீட்டிற்குள் அழைக்கப்படாதவனும் அவனே. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்க.

ஸ்பெயின் நாட்டு மேடை

தமிழ்க் கட்டுரையில் ஸ்பெயின் எதற்கு எனச் சிலர் வினவலாம். நம் கடற்கரைக்கும் அந்நாட்டு மேடைக்கும் தொடர்பு உண்டு என்பதே விடை. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

கிரானடா 1492-இல் வீழ்ந்தது. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் நீடித்த முஸ்லிம் ஆட்சி ஸ்பெயினில் முடிவுற்றது. எஞ்சியிருந்த முஸ்லிம்கள் வலிந்து மதம் மாற்றப்பட்டு 'மோரிஸ்கோ' என அழைக்கப்பட்டனர். அவர்தம் அரபு மொழியையும் உடையையும் குளிப்பிடங்களையும் தடைசெய்து 1567-இல் ஆணை பிறந்தது. 1568-இல் அல்புகார்ராஸ் மலைப்பகுதியில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர், கிளர்ச்சி அடக்கப்பட்டது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். ஸ்பானிய நாடகம் தன் பொற்காலத்தை எய்தியது சரியாக இக்காலத்தில்தான். லோப் தே வேகா (1562-1635), கால்தெரோன் (1600-1681) ஆகியோர் அதன் இரு பெருந்தூண்கள். டான் குவிக்சாட் எழுதிய செர்வாண்டிஸ், 1575 முதல் 5 ஆண்டுகள் அல்ஜியர்ஸில் சிறையிருந்தவர். அச்சிறை வாழ்வையே நாடகங்களாகவும் எழுதினார்.

இவர்தம் மேடையில் முஸ்லிம் இரு கோலங்களில் வருவான். ஒருவன் உயர்குடி மூர். அழகன், வீரன், சொன்ன சொல் தவறாதவன், காதலுக்காக உருகுபவன். மற்றவன் ஏழை மோரிஸ்கோ. உடைந்த ஸ்பானிய மொழியில் உளறி அவையோரைச் சிரிக்க வைப்பவன். கால்தெரோனின் 'இறப்புக்குப் பின்னும் காதல்' என்னும் நாடகத்தில் இவ்விருவரும் ஒருசேரத் தோன்றுகின்றனர். நாயகன் துசானி மோரிஸ்கோ உயர்குடியினன். அவன் காதலி கலேரா நகர் சூறையாடப்பட்டபோது அணிகலன்களுக்காகக் கார்செஸ் என்னும் போர்வீரனால் கொல்லப்படுகின்றாள். துசானி பகைவர் பாசறைக்குள் நுழைந்து, கொன்றவனைத் தேடிக் கண்டு பழிதீர்க்கின்றான். ஸ்பானியப் படைத்தலைவனே அவன் செயலை வியக்கின்றான். அதே நாடகத்தில் அல்குஸ்குஸ் என்னும் கோமாளி. மொழியைச் சிதைத்துப் பேசுவதே அவன் வேலை. அவனுடைய பெயரே மோரிஸ்கோக்கள் விரும்பி உண்ணும் கோதுமை உணவின் பெயர். தமிழில் ஒரு கோமாளிக்குப் 'பிரியாணி' என்று பெயர் வைத்தது போல!

இந்நாடகத்தைப் படிக்கும் எவரும் கால்தெரோனின் பெருந்தன்மையை மதிக்காதிருக்க முடியாது. அவமதிக்கப்பட்ட முதியவர் ஒருவரின் துயரிலிருந்து நாடகம் தொடங்குகின்றது. கிளர்ச்சிக்கு ஆட்சியாளரின் கொடுமையே காரணம் என்பது காண்போர் மனத்தில் பதிகின்றது. ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. இந்நாடகம் எழுந்தது 1630களில். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே மோரிஸ்கோக்கள் கப்பலேற்றப்பட்டுவிட்டனர். அவையில் அமர்ந்து தன் குலத்தானைக் காண ஒரு மோரிஸ்கோவும் வெளிப்படையாக அங்கு இல்லை. துரத்தியபின் போற்றுதல் எளிது.

செஞ்சிக் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். மோவுத்துக்காரன் மடியும்போது கூத்துத் திடலில் பாய் விரித்து அமர்ந்திருப்பவர்களுள் முஸ்லிம்களும் உண்டு. மறுநாட்காலையில் அதே தெருவில் இரு தரப்பாரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். தவறாகக் காட்டினால் கேட்பதற்கு ஆள் இருக்கின்றது. கூத்தாசிரியரின் பெருந்தன்மை மட்டுமே இக்கதையை இவ்வாறு ஆக்கியது என்று நாம் கருதவில்லை. தெருவும் ஒரு காரணம்.

கடல்வழி வந்த மூர்

ஸ்பெயின் - போர்த்துக்கல் நாட்டார் நம் கடற்கரைக்கு வந்தபோது தங்கள் பகைவனையும் மனத்தில் ஏற்றி வந்தனர். அங்கு மூர்களை எதிர்த்துக் குதிரையேறிப் போரிட்டதாக அவர்கள் நம்பிய புனித சந்தியாகுவைப் பற்றி, யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையைச் சேர்ந்த பேதுருப் புலவர் 1647-இல் 'சந்தியோகுமையோர் அம்மானை' பாடினார். கேரளக் கடற்கரையில் இலத்தீன் கத்தோலிக்கர் ஆடும் சவிட்டு நாடகத்தின் புகழ்பெற்ற கதை 'காறல்மான் சரிதம்'. பிரெஞ்சுப் பேரரசன் சார்லமேனும் அவன் வீரரும் துருக்கரோடு பொருவதே அதன் பொருள். தமிழகத்திலிருந்து சென்ற சின்னத்தம்பி அண்ணாவி இயற்றியதாகக் கூறப்படும் இந்நாடகத்தின் மொழி தமிழும் மலையாளமும் விரவியது. ஐரோப்பிய மேடையின் 'பகைவனாகிய முஸ்லிம்' இவ்வாறு தமிழ்ச் சொற்களில் பேசத் தொடங்கினான்.

போர்த்துக்கீசியர் தம் நாட்டுப் பகைவனுக்கு இட்ட பெயரையே, மேலைக் கடலோரத்திலும் ஈழத்திலும் கண்ட முஸ்லிம் வணிகர்க்கும் இட்டனர். அதன் விளைவாக ஈழத்தில் சோனகர் எனத் தமிழில் வழங்கும் நம் உறவினர், அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கில் இன்றளவும் 'மூர்' என்றே குறிக்கப்படுகின்றனர். நாடகத்தில் ஒருவனுக்கு வைத்த பட்டப்பெயர் வாழ்வில் ஓர் இனத்தின் பெயராக ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கே ஒன்றைக் கூறல் கடமையாகும். சவிட்டு நாடகம் ஆடிய கிறித்தவ மீனவர்க்கும் அக்கரை முஸ்லிம்களுக்கும் அந்நாடகத்தால் பகை விளைந்தது என்று நாம் கூறவரவில்லை. காறல்மானின் துருக்கன் எங்கோ தொலைவில் உள்ளவன். பக்கத்துத் தெரு மீன் வியாபாரி அல்லன். எனினும் கடன் வாங்கிய கதையில் நட்புக்கு இடமில்லை. மண்ணில் விளைந்த கதையில் இருக்கின்றது. இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

நம்பள், நிம்பள்

அல்குஸ்குஸ் போன்ற கோமாளி நம்மிடம் இல்லையா எனின், இருக்கின்றான். பிற்காலத் தமிழ் நாடகங்களிலும் திரைப்படங்களிலும் சாயபு வேடம் வந்தால் 'நம்பள்', 'நிம்பள்' என்று பேசத் தொடங்கிவிடுவார். சேட்டுக்கும் இதே மொழி. பட்டாணியருக்கும் இதே மொழி. கீழக்கரை மரைக்காயருக்கும் இதே மொழி! சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் இனத்தான் மேடைக்கு வந்தவுடன் தமிழ் மறந்துபோகின்றது. வடசென்னையில் தக்கனி உருது பேசும் குடும்பங்கள் உண்டு என்பது உண்மையே. அவர்கள் வெளியில் பேசும் தமிழும் இராயபுரத்துத் தமிழ்தான். அதில் நம்பளும் இல்லை, நிம்பளும் இல்லை. எதிரியாகச் சித்திரிக்கப்படுவதைவிட இதுவே நம்மை அதிகம் வருத்துகின்றது. எதிரிக்காவது மொழி உண்டு. மொழியைப் பறித்தவனுக்கு நகைப்பைத் தவிர வேறென்ன மிஞ்சும்?

கூத்தில் வரும் மோவுத்துக்காரன் இவ்வாறு பேசுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தேசிங்கு எந்த நடையில் பாடுகின்றானோ அந்த நடையிலேயே அவனும் பாடுகின்றான். அரிதாரம் வேறு; தமிழ் ஒன்று.

நவாபு என்றே பெயர் பெற்றவர்

எதிர்ப்பக்கத்து முஸ்லிம் பாத்திரத்துக்கும் நம் மேடை பெருமதிப்பு அளித்த வரலாறு ஒன்று உண்டு. டி. எஸ். இராசமாணிக்கம் பிள்ளை என்னும் நாடக மேதையை அப்பெயரால் இன்று யாரும் அறியார். 'நவாப்' இராசமாணிக்கம் என்றால் முதியோர் முகம் மலரும். பக்த ராமதாஸ் நாடகத்தில் கோல்கொண்டா அரசன் தானிஷா வேடத்தை அவர் தாங்கிய சிறப்பால் வந்த பட்டம் அது. தேவி பால வினோத சங்கீத சபா என்னும் தம் குழுவினரோடு ஊர் ஊராகச் சென்றவர். 1935-இல் அந்நாடகம் திரைப்படமானபோதும் அவரே நவாபு. நெற்றியில் திருநீறு துலங்க வாழ்ந்த ஒருவர், முஸ்லிம் அரசன் ஒருவனின் பட்டத்தைத் தம் பெயரின் தலைப்பாகக் கடைசிவரை தாங்கினார்.

அந்நாடகத்தின் உள்ளீடும் நோக்கத்தக்கது. கோல்கொண்டாவின் இறுதி அரசர் அபுல் ஹசன் தானிஷா (ஆட்சிக் காலம் 1672-1687). அவருடைய அமைச்சர்கள் மாதண்ணா, அக்கண்ணா என்னும் அந்தணச் சகோதரர். பத்ராசலத்தில் வரி தண்டும் அதிகாரியாக இருந்த கோபண்ணா அரசுப் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டுச் சிறைப்பட்டார். கதையின்படி இராமனும் இலக்குவனும் பணியாளர் உருவில் தானிஷாவிடமே வந்து கடனை அடைக்கின்றனர். சிறையில் பன்னிரண்டு ஆண்டு கதறியவருக்குக் கிட்டாத காட்சி அரசருக்குக் கிட்டுகின்றது. இதனை எண்ணி ராமதாசர் ஏங்குவது நாடகத்தின் உருக்கமான கட்டம். பத்ராசலத்துத் திருக்கலியாணத்துக்கு அரசின் சார்பில் முத்துக்கள் அனுப்பும் வழக்கம் தானிஷா காலத்தில் தோன்றியது என்பர். நிஜாம் காலத்தைக் கடந்து இன்றும் அவ்வழக்கம் தொடர்கின்றது. இங்கும் வழக்கு வரிப்பணத்தைப் பற்றியது; மதத்தைப் பற்றியதன்று. கருவூலத்துக்குரிய பணத்தைக் கேட்ட அரசர் எவ்வகையில் குற்றவாளி என்று நாம் மாணவர்களைக் கேட்பதுண்டு. வணிகவியல் மாணவர்கள் உடனே நவாபின் பக்கம் சேர்ந்துவிடுவர்!

மதுரையை ஆண்ட யூசுப் கான் என்னும் மருதநாயகத்தைப் பற்றிய 'கான்சாகிபு சண்டை'யை நா. வானமாமலை 1972-இல் பதிப்பித்தார். 1764 அக்டோபர் 15-ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட அவர் அங்கே தோழனாகவோ எதிரியாகவோ அன்றித் தாமே தலைவராக நிற்கின்றார். ஆனால் அது தனி ஆய்வுக்கு உரியது. வண்ணக்களஞ்சியப் புலவர் பெயரால் வழங்கும் அலிபாதுஷா நாடகம் போன்று நம்மவரே இயற்றிய நாடகங்களும் உள. அவற்றை மேடையேற்றிப் பார்க்கும் ஆவல் எவருக்கேனும் எழுமாயின் நம் துறை மகிழ்ச்சியோடு துணை நிற்கும்.

மடிந்தால்தான் நண்பனா?

மீண்டும் தேசிங்கிடம் வருவோம். இதுகாறும் மோவுத்துக்காரனைப் போற்றிய நாம், நெஞ்சில் உறுத்தும் ஒன்றையும் கூறவேண்டும். அவன் ஏன் மடிய வேண்டும்? கதை அவனை மிகவும் நேசிக்கின்றது. ஆனால் அவன் மணமேடையை விட்டு ஓடிவந்து பிறனொருவனின் கப்பத் தகராறில் குண்டடிபட்டு வீழ்ந்தபின்தான் அந்நேசம் முழுமை பெறுகின்றது. ஓலையைப் பெற்று, 'இன்று எனக்குத் திருமணம்; நாளை வருகின்றேன்' என்று மறுமொழி எழுதியிருந்தால் அவன் நண்பனல்லாமற் போயிருப்பானோ? வழுதாவூரில் காத்திருந்த மணப்பெண்ணைப் பற்றிக் கேட்போர் அரியர். தேசிங்கின் மனைவிக்கு ஓர் ஊர் கிடைத்தது. இவளுக்கு அதுவும் இல்லை.

1960-இல் வந்த 'ராஜா தேசிங்கு' திரைப்படத்தில் எம்.ஜி.ஆர். இரட்டை வேடம் ஏற்றார்: ஒருவர் தேசிங்கு, மற்றவர் தாவூத்கான். ஒரே முகத்தை இருவர்க்கும் தந்த அக்கற்பனை அழகியதே. எனினும் சகோதரனாகக் காட்டுவதற்கு இரத்த உறவு தேவைப்பட்டுவிட்டது. பழைய கதைக்கு அது தேவைப்படவில்லை. அவன் வேறு குலத்தான், வேறு மார்க்கத்தான், ஆயினும் தோழன் என்று மட்டுமே சொல்லி அது நிறுத்திக்கொண்டது. திரைப்படத்தைவிடக் கூத்து துணிவு மிக்கது என்பது நம் கருத்து, மாறுபடுவோர் மாறுபடலாம்.

ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இதனைக் கூறியபோது அவர் சொன்னார்: "தம்பி, சாகாத சிநேகிதனுக்கு யார் பாட்டுக் கட்டுவார்? கடன் கொடுத்தவன், கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுத் தந்தவன், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினவன் எல்லாம் பாட்டில் வரமாட்டான்." அவர் கூற்றில் உண்மை உண்டு. கொருக்குப்பேட்டையின் ஓட்டு வீடுகளில் நிகழ்ந்த நட்புகளுள் நூற்றில் ஒன்றுகூடக் கூத்துக்கு ஏற்ற கதையல்ல.

அம்மாணவரின் வினாவுக்கு நம்மிடம் இருப்பது ஒரு நினைவு மட்டுமே. 1980களின் பிற்பகுதி, நமக்குப் பத்து வயது நிரம்பாத காலம். இருப்புப்பாதையை ஒட்டிய அம்மன் கோயில் திடலில் ஆடிக் கூத்து. சரக்கு நிலையத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்த நம் அத்தா, நம்மைத் தோளில் ஏற்றிக்கொண்டு சென்று கூட்டத்தின் ஓரமாக அமர்ந்தார். அன்று தேசிங்குராஜன் நாடகம். விடியற்காலையில், முகவீணை தாழ்ந்து ஒலிக்க, மோவுத்துக்காரன் வீழ்ந்தான். அத்தா தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மூட்டை சரிந்து கால் நசுங்கியபோதும் அழாதவர் அவர்.

பக்கத்தில் அமர்ந்திருந்த எதிர்வீட்டு ஆயா அத்தாவின் தோளைத் தொட்டு, "அழாத பாய். உங்க ஆளுதான் எங்க ராசாவுக்காக உசுர விட்டான். எவனுக்கு வரும் அந்த மனசு?" என்றார்.

அத்தா துண்டை எடுத்துவிட்டு, "அந்த நவாபும் எங்க ஆளுதான் ஆயா. ரெண்டையும் நெனச்சாத்தான் அழுகை வருது" என்றார்.

ஆயா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெற்றிலையை எடுத்து, பாதியைக் கிள்ளி அத்தாவிடம் நீட்டினார். திடலில் தேசிங்கு இன்னும் பாடிக்கொண்டிருந்தான்.